சவுக்குக் குச்சியும் துருப்பிடிக்காத தாளும்

கிருபாகரன் எனக்குப் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பெயர் துரை. சொந்த ஊர் வேடந்தாங்கல் பக்கம். பிழைக்க வந்தது திருக்கழுக்குன்றம். அங்கே காலையில் வண்டியை எடுத்து, செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் கொண்டுபோய் ஜெனரல் ஷிப்ட் ஆட்களை இறக்குவது என் வேலை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் புது வண்டி கொடுத்தார்கள். கொடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, வலப்பக்கம் நாலாவது சீட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மை கொட்டிக் கிடந்தது. 

"எவன்டா இது?" என்று கத்தினேன்.

ஒல்லியாக ஒருத்தன் எழுந்து நின்றான். "நான்தான் அண்ணாத்த. தொடச்சேன். போவல."

"போவலன்னா? ஒங்கப்பன் வூட்டு வண்டியா இது?"

"வண்டி கம்பெனிது. மைதான் என்னுது" என்றான்.

பஸ்ஸே சிரித்தது. நான் அவன் சட்டையைப் பிடிக்காத குறை. திமிரில் பேசுகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு வேறு மாதிரி பேசவே வராது. கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுவான், அவ்வளவுதான். அந்தக் கறை இன்றைக்கும் அந்த சீட்டில் இருக்கிறது. அந்த சீட்டில் அவன்தான் உட்காருகிறான்.

சண்டை போட்டு ஒரு வாரம் கழித்து, இறங்கும்போது ஒரு துண்டுச் சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான். பார்சல் பெட்டிக்குள் போடுகிற சீட்டு. அதன் பின்பக்கம் என் கழுத்தை வரைந்திருந்தான். பின்னாலிருந்து பார்த்தால் தெரிகிற கழுத்து. மூன்று மடிப்பு, அதற்கு நடுவில் மினுக்கென்று வியர்வை, மேலே காதோரம் குத்திட்டு நிற்கிற நாலு முடி. மொத்தம் பத்துக் கோடு இருந்தால் அதிகம். எல்லாக் கோடும் நடுங்கியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் வேண்டா என்கிற என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஐய, நீயேதான். யார் கூப்டாலும் திரும்பாம ஒக்காந்துகினு கீற பாரு" என்றாள். சீட்டை எடுத்து சாமி அலமாரிக் கண்ணாடியில் செருகிவிட்டாள்.

மறுநாள் கேட்டேன். "ஏன்டா கோடெல்லாம் நடுங்குது? குடிப்பியா?"

"நீதான் அண்ணாத்த நடுக்குன. சிங்கப்பெருமாள் கோயில்கிட்ட ரோடு போட்டு எத்தினி மாசம் ஆவுது? நீ குலுக்குற குலுக்குல குச்சி எங்க போவுதோ அங்க போறேன்."

அப்படித்தான் எங்கள் பேச்சு ஆரம்பித்தது.

அவன் வேலை பேக்கிங் செக்‌ஷனில். எண்ணெய் தடவிய இரும்புச் சாமான் வரும். வண்டியின் வயிற்றுக்குள் சுற்றுகிற பல்சக்கரம், உருளை, அந்த மாதிரி. அதை ஆன்டி-ரஸ்ட் பேப்பரில் சுற்றி, பாலிதீன் உறையில் போட்டு, உள்ளே இருக்கிற காற்றை அமுக்கி வெளியேற்றி, சீல் வைத்து, தேதி எழுதி ஒட்ட வேண்டும். அந்தத் தாள் பழுப்பு நிறம். ஒரு பக்கம் மெழுகு பூசின மாதிரி வழவழப்பு. தாளிலேயே ஏதோ மருந்து ஊறியிருக்கும். மூடி சீல் வைத்துவிட்டால் உள்ளே அந்த மருந்து நிறைந்து, இரும்பைத் துரு அண்டாமல் பார்த்துக்கொள்ளும். ரெண்டு வருஷம் கழித்துப் பிரித்தாலும் இரும்பு புதுசாக இருக்கும். ஆனால் நடுவில் பிரிக்கக் கூடாது. பிரித்தால் மருந்து போய்விடும். பதினாலு வருஷம் காண்ட்ராக்ட்டில் இந்த ஒரே வேலையைத்தான் செய்தான்.

வரைய அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேனாவில் வரைய மாட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரச் சவுக்குத் தோப்புக்குப் போய்விடுவான். உப்புக் காற்றில் காய்ந்து விழுந்த குச்சிகளைப் பொறுக்கி, பிளேடால் முனையைச் சாய்வாகச் சீவிக்கொள்வான். மை, செங்கல்பட்டு பஜாரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற பேனா மை.

"ஏன்டா, ஊருல பேனாவுக்கா பஞ்சம்?" என்று ஒருநாள் ரயில்வே கேட்டில் நிற்கும்போது கேட்டேன்.

அவன் என் பக்கத்தில் கியர் பெட்டி மேல் வந்து உட்கார்ந்துகொண்டான். "பேனாவுல மை வந்துகினே இருக்கும் அண்ணாத்த. மொத கோட்டுக்கும் கடைசி கோட்டுக்கும் வித்தியாசம் இருக்காது. குச்சிய ஒரு தபா முக்குனா நாலு விரக்கட தூரந்தான் வரும். மொதல்ல கருப்பா கத்தும். போவப் போவ சவுண்டு கொறையும். கடைசில மை தீந்து வெறுங்குச்சி கீறிகினு போவும். மனுசன் பேசறாப்புல."

தாளைப் பற்றியும் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. நியூஸ் பேப்பர் மையைக் குடிக்கும். வைத்த கோடு ஊறி உப்பிவிடும். காலண்டர் பின்பக்கம் குடிக்கவே குடிக்காது. மை மேலேயே உருண்டு நிற்கும், காய்வதற்குள் கை பட்டால் போச்சு. கல்யாணப் பத்திரிகை அட்டை சொன்ன பேச்சு கேட்கும், ஆனால் சுவாரசியம் இருக்காது. "நாம இன்னா வரையணும்னு நெனச்சாலும், பேப்பர் அதுக்குப் புடிச்சதத்தான் வுடும்" என்பான். டீ வாங்கிக் கொடுத்தால் இதையே இன்னும் கொஞ்ச நேரம் பேசுவான்.

ஒருமுறை பொத்தேரி காலேஜ் பிள்ளைகள் சிலர் கடற்கரையில் அவன் வரைவதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பரிசு என்று ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்டீல் நிப்பு, தண்ணீர் பட்டாலும் கலையாத கறுப்பு மை, பத்து வெளிநாட்டுத் தாள். நல்ல மனசுள்ள பிள்ளைகள். அவன் ஒரு படகை வரைந்து காட்டினான். கைதட்டினார்களாம். "நல்லாத்தான் வந்துச்சி. ஆனா அந்தப் போட்ல யாருமே ஏறுன மாதிரி இல்ல அண்ணாத்த" என்றான் என்னிடம். அந்தப் பெட்டி அவன் வீட்டு பீரோவில் போய் உட்கார்ந்தது.

யாரை வேண்டுமானாலும் வரைவான். செக்யூரிட்டி, கேன்டீன் அம்மா, வாய் பிளந்து தூங்குகிற சூப்பர்வைசர், எல்லாரும் அவன் குச்சிக்கு மாட்டியிருக்கிறார்கள். பெண்டாட்டியை மட்டும் வரைய மாட்டான். நான் கிண்டலாகக் கேட்டபோதுதான் காரணம் சொன்னான்.

பெண்டாட்டி பேர் ஷாரோன். பொத்தேரியில் ஒரு ஹாஸ்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கல்யாணமான முதல் வருஷம், ஆறு மாசம் வயிற்றுப்பிள்ளையோடு அவள் பகலில் அசந்து தூங்கியபோது இவன் நியூஸ் பேப்பரில் வரைந்துவிட்டான். மை ஊறி, முகம் வீங்கி, மூடிய கண் ரெண்டும் குழியாகிவிட்டது. அவள் எழுந்து அதைப் பார்த்து, "இன்னாயா, செத்துப்போன மாதிரி போட்டு வெச்சிகீற?" என்று அழுதாள். அடுத்த மாசம் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அதற்கப்புறம் பிள்ளையே தங்கவில்லை. படத்தால்தான் அப்படி ஆனது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. "என்னிய மட்டும் வரையாத" என்று ஒருமுறை சொன்னாள். இவனும் இருபத்திரண்டு வருஷம் வரையவில்லை.

அந்த ஷாரோனுக்குத்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கிட்னி ரெண்டும் கெட்டுப்போனது. செங்கல்பட்டில் வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். இவன் ஷிப்ட் மாற்றி, லீவு போட்டு, ஓவர்டைம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுவான். மூன்று மாசம் குச்சியை அவன் கையில் நான் பார்க்கவில்லை.

ஆடி மாசம் ஒருநாள் மறுபடி கியர் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாத்த, ஷாரோன் அவள வரையச் சொல்றா."

நான் வேகத்தைக் குறைத்தேன். அவனே சொன்னான்.

அவர்கள் தெருவில் காசியம்மாள் என்று ஒரு அம்மா இறந்துபோனார். சாவு விழுந்தால் இப்போதெல்லாம் பிணத்துக்கு முன்னால் ஃபிளெக்ஸ் வந்துவிடுகிறதே. ஆதார் கார்டில் இருக்கிற மூஞ்சியைப் பெரிசாக்கி, ரெண்டு பக்கமும் புறா பறக்கவிட்டு, கீழே கண்ணீர் வடிக்கிற கண் ஒன்று போட்டு, ஸ்டாப்பில் கட்டினார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அது ஒரு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை. மழை பெய்தால் காசியம்மாள் நெற்றியில் தண்ணீர் தேங்கும். ஷாரோன் ஆஸ்பத்திரி போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஷாரோனுடைய அண்ணன் ஜான்சன் கட்சிக்காரர். தங்கச்சி செத்தால் பத்தடிக்கு வைப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டாள். "எனக்கு ஃபிளெக்ஸு வோணாம். சவப்பொட்டிகிட்ட நீ வரைஞ்ச படந்தான் வெக்கணும். அப்புறம் அத்த வூட்டுல மாட்டிக்கோ. கண்ணு தொறந்து இருக்கணும். கலையக்கூடாது." இதுதான் அவள் சொன்னது. இருபத்திரண்டு வருஷத்தில் அவனிடம் அவள் வரையச் சொல்லிக் கேட்டது இந்த ஒன்றுதான். ஒத்துக்கொண்டுவிட்டான். ஒத்துக்கொண்ட நாளிலிருந்து அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

முதலில் காலேஜ் பிள்ளைகள் கொடுத்த பெட்டியைத் திறந்தான். கலையாத மை, வெளிநாட்டுத் தாள், ஸ்டீல் நிப்பு. நோய் தெரியாமல், வீக்கம் தெரியாமல் சுத்தமாக வந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. யாரு இவ?" என்று கேட்டாளாம். நகைக்கடை காலண்டரில் வருகிற பொம்பளை மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அடுத்து, டிராயிங் நோட்டில் குச்சியால் வரைந்தான். அந்தத் தாள் மையைக் குடித்துக் கோடு உப்பியது. டயாலிசிஸுக்கு முந்தின நாள் அவள் முகம் உப்பியிருக்குமே, அதற்கு மேல் உப்பிக்கொண்டு வந்தது. அவள் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு இவன் சாப்பிடவில்லை. பஸ்ஸில் என்னிடம், "பயந்துட்டா அண்ணாத்த. மறுபடியும் என்னாலதான் பயந்துட்டா" என்று மட்டும் சொன்னான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் ஏறுவது புளியமரத்து ஸ்டாப். அங்கிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே அவர்கள் காலனி. பத்து வருஷம் அந்த ஸ்டாப்பில் ஹாரன் அடித்திருக்கிறேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. கேட்டால் நேரமில்லை என்று சொல்லியிருப்பேன். பொய். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை, நானும் போகவில்லை. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. கையில் ரெண்டு சாத்துக்குடிப் பையோடு வாசலில் நின்றபோது ஷாரோன் கட்டிலில் உட்கார்ந்தபடியே, "வா அண்ணா. கழுத்து மட்டும் பாத்துகீறேன், இன்னிக்கிதான் மூஞ்சி பாக்குறேன்" என்றாள். என் கழுத்துப் படத்தை அவன் எனக்குத் தருவதற்கு முன்னால் வீட்டில் காட்டியிருக்கிறான்.

அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் கசக்கிப் போட்ட தாள். எல்லாத் தாளும் தீர்ந்துபோயிருந்தது. மதிய சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தான். டிபன் பாக்ஸை எண்ணெய் ஒழுகாமல் சுற்றிக்கொள்ள கம்பெனியிலிருந்து எடுத்து வந்த ஆன்டி-ரஸ்ட் பேப்பர் விழுந்தது. அதை நீவி, வழவழப்புப் பக்கம் மேலே வருகிற மாதிரி பலகையில் வைத்தான். முதலில் பிள்ளைகள் கொடுத்த கலையாத மையைத் தொட்டு இழுத்தான். அது மெழுகில் ஒட்டாமல் காய்ந்து, செதில் செதிலாக உதிர்ந்தது. பேனா மையை எடுத்தான். அதுவும் சுலபமாக ஒட்டவில்லை. குச்சியை ஆணி மாதிரி அழுத்தி இழுத்தால்தான் கோடு பிடித்தது. பல இடத்தில் விட்டு விட்டுப் போனது.

"கீறிகினே போவுது. வரையற மாதிரியே இல்ல" என்றான்.

"கீறு" என்றாள் ஷாரோன். "என்னத்த கெட்டுப்போவப் போவுது?"

அரை மணி நேரம் இருக்கும்.  அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். முடித்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பலகையைத் திருப்பினான்.

எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். கன்னத்துக் கோடு பாதியில் அறுந்து போயிருந்தது. அறுந்த இடத்தில் வீக்கமும் தெரிந்தது, வீங்குவதற்கு முந்தின முகமும் தெரிந்தது. கண் ரெண்டும் திறந்து, இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆளைச் சகித்துக்கொண்டேன், இன்னும் கொஞ்சம் சகித்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி பார்த்தது. பழுப்புத் தாள் அவள் தோல் நிறமாகவே இருந்தது.

ஷாரோன் அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். "ஆமா, நான்தான்" என்றாள். அப்புறம் சிரித்தாள். அவள் சிரித்து மூன்று மாசம் ஆகிறது என்று அவன் பிறகு சொன்னான்.

நான் போனை எடுத்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். "வோணாம் அண்ணா. போன்ல புடிச்சா சுத்தி வந்து எங்க அண்ணங்கிட்ட போய்டும். அவரு ஃபிளெக்ஸ் போட்டுடுவாரு." நானும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அவள் சொல்லைக் கேட்காமல் ஒரு போட்டோ திருட்டுத்தனமாகவாவது எடுத்திருக்க வேண்டும். இதை நினைத்து என்னை நானே எத்தனையோ நாள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"கலையாதே?" என்று அவனைக் கேட்டாள்.

"இந்தப் பேப்பருல சுத்துன இரும்பே கெடாது ஷாரோன். மூஞ்சியா கெட்டுடும்?" என்றான். அவன் அவ்வளவு தெம்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவள் அதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னாள். அவன் மாட்டவில்லை. அந்த வீட்டு அடுப்புப் புகையும் ஓதமும் படத்தைக் கெடுத்துவிடும் என்றான். பதினாலு வருஷம் பேக்கிங் பண்ணின கை வேறு என்ன செய்யும்? மறுநாளே கம்பெனியில் கேட்டு இன்னும் ரெண்டு தாளும் ஒரு கெட்டி பாலிதீன் உறையும் வாங்கி வந்தான். படத்தை அந்தத் தாள்களுக்கு நடுவில் வைத்துச் சுற்றி, உறையில் போட்டு, காற்றைத் துளிகூட இல்லாமல் அமுக்கி எடுத்து, விளிம்பை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டி, டேப் போட்டு, தேதி எழுதி பீரோவின் மேல் தட்டில் வைத்தான். ஒரு பல்சக்கரத்தை எப்படிக் கட்டுவானோ அப்படியே கட்டினான்.

ஷாரோன் அதை ஒருநாள்தான் பார்த்தாள். அதற்கப்புறம் பார்க்க ஆசைப்பட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், "ஒரே ஒரு தபா பிரியா, பாத்துட்டுக் குடுத்துடறேன்" என்று கேட்டாளாம். அவன், "பிரிச்சா மருந்து போய்டும் ஷாரோன். பத்திரமா கீது, பயப்படாத" என்று சொல்லிவிட்டான்.  கிறிஸ்துமஸ் அன்று மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையேதான் சொன்னான். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

தை மாசம், பொங்கல் முடிந்து நாலாம் நாள், டயாலிசிஸில் இருக்கும்போதே போய்விட்டாள்.

உடம்பு வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரத்துக்குள் புளியமரத்து ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. பத்தடி. வாக்காளர் அட்டை போட்டோ. ரெண்டு பக்கமும் புறா. ஜான்சன் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்த மனுசன் அதற்குக் கீழே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான். நான் அன்றைக்கு ஷிப்ட் முடித்து, காலி வண்டியோடு அங்கேயே போய் நிறுத்திவிட்டேன்.

பாஸ்டர் வந்து ஜெபம் ஆரம்பிக்கிற நேரம். கிருபாகரன் பீரோவைத் திறந்து பாக்கெட்டை எடுத்தான். "மச்சான், படம் வெக்கணும்னு சொன்னா" என்றான் ஜான்சனிடம். எல்லாரும் வழி விட்டார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, பிளேடால் சீலை நேராக அறுத்தான். மேல் தாளை எடுத்தான். கீழே இருந்த தாளைத் தூக்கிப் பிடித்தான்.

தாளில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால், அங்கங்கே டீ சிந்திக் காய்ந்த மாதிரி லேசாக ஒரு மஞ்சள். அவ்வளவுதான். அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். சுற்றியிருந்த தாளில் ஒட்டிக்கொண்டதோ என்று அதையும் விரித்துப் பார்த்தான். உறைக்குள் கையை விட்டுத் துழாவினான். "வேற பாக்கெட்டா இருக்கும்பா, நல்லா தேடு" என்று யாரோ சொன்னார்கள். அவன் தேதி எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தான். அவன் கையெழுத்துதான். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஜான்சன் மெதுவாக அவன் தோளைத் தொட்டு, "வுடு மாப்ள, வெளிய பெரிசா வெச்சிகீறோம் இல்ல" என்றார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் ஆள்காட்டி விரலைத் தாளில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்க கீறா அண்ணாத்த" என்றான். "பள்ளம் கீது பாரு."

தாளை வாங்கிச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது தெரிந்தது. மை போய்விட்டது, குச்சி அழுத்தின கீறல் மட்டும் மெழுகில் பதிந்திருந்தது. கன்னம், உதடு, திறந்த கண் ரெண்டும். நேராகப் பிடித்தால் வெறும் தாள். அதை வைத்து அங்கே யாருக்கு என்ன காட்ட முடியும்? அவன் மடித்துக்கூட வைக்காமல் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தான்.

வேலைக்குத் திரும்பின வாரம் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியரிடம் போய்க் கேட்டிருக்கிறான், இந்தத் தாளில் பேனா மையால் எழுதினால் நிற்குமா என்று. அவர் பாவம், லேபிள் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். மருந்து இரும்புக்குத்தான் நல்லது, அந்த மாதிரி மைக்கு ஆகாது, அதுவும் காற்றில்லாமல் சீல் வைத்தால் உள்ளேயே நின்று மையைத் தின்றுவிடும், சும்மா சுவரில் காற்றாட மாட்டி வைத்தால்கூடக் கொஞ்ச வருஷம் இருக்கும் என்று. அதை என்னிடம் அப்படியே ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னான். சொல்லிவிட்டு, "ரெண்டு தபா கேட்டா அண்ணாத்த. பாக்கணும்னு ரெண்டு தபா கேட்டா" என்றான். 

முதல் படம், அந்தக் காலண்டர் பொம்பளை, இன்னமும் பீரோவில்தான் இருக்கிறது. ஒரு கோடு மங்கவில்லை.

ஃபிளெக்ஸை அவனே போய் அவிழ்த்து, சுருட்டி, கட்டிலுக்கடியில் போட்டுவிட்டான். யார் வீட்டுக் கூரைக்கும் போகக் கூடாது என்று.

"பள்ளம் கீதில்ல, அது மேலயே மை வுட்டு ஒரு தபா இழுத்துடேன்டா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அப்போ அவ என்னியே பாத்துகினு இருந்தா அண்ணாத்த. இப்போ இழுத்தா யாரப் பாத்து இழுக்குறது?" என்றான். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அவன் வரைவதில்லை. ஒரு அட்டைக்குள் அந்தத் தாளை வைத்து, சாப்பாட்டுப் பையில் எடுத்துக்கொண்டு வருகிறான். செங்கல்பட்டைத் தாண்டி ஏரிக்கரை வரும்போது காலை வெயில் வலப்பக்கச் சன்னல் வழியாகச் சாய்வாக உள்ளே விழும். அப்போது தாளை எடுத்து வெயிலுக்குக் குறுக்கே பிடிப்பான். அந்த இடத்தில் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். தினமும் அதே இடத்தில் ஏன் வண்டி ஊர்கிறது என்று டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கேட்டார்கள். ரோடு சரியில்லை என்று சொன்னேன். பின்னால் இருக்கிறவர்களில் ஒருத்தரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆரம்பத்தில் எனக்கும் கண்ணாடியில் தெரியும், தாளில் கண் இருக்கிற இடம். ஆனால் அது தாள்தானே. தினமும் எடுத்து, தடவி, வைத்து, மெழுகு தேய்ந்து பள்ளம் நிரவிக்கொண்டு வருகிறது. சித்திரை வரைக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிகிறதா என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

நேற்று ஏரிக்கரையில் நல்ல வெயில். வேகத்தைக் குறைத்து, அதுவும் போதாது என்று ஓரங்கட்டி வண்டியை நிறுத்தியே விட்டேன். அவன் தாளை மேலே தூக்கினான், கீழே இறக்கினான், இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான்.  கடைசியில் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அண்ணாத்த, இன்னிக்கி இன்னாவோ தெர்ல. இன்னும் கொஞ்சம் மெதுவா போறியா?" என்றான்.